எங்கள் வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை

பாசமும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் நல்ல சுகத்துடன் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். சுகம் என்று ஒப்புக்கு எழுதவில்லை. கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுக்குப் பிரச்சினையே அந்தச் சுகம்தான் என்பதால் விஷயத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை உங்கள் மருமகள் நடித்துக் காட்டியதும், நீங்கள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்ததும், அதைப் படம்பிடித்து அந்தக் குழந்தைகள் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எங்களைக் கேட்காமலே அனுப்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. தேர்வாகிவிட்டாள் என்று தொலைக்காட்சியிலிருந்து போன் வந்த அன்று எனக்கும் தலைகால் புரியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, வாயைத் திறந்தால் மூடாததால் வீட்டில் ‘வானொலி’ என்று பெயர் வாங்கியவள், முதல் சுற்றில் மேடையேறி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, அது பிரேக்குங்க! நான் சொன்னது கிளட்ச்சுங்க! கண்ணைத் திறந்துட்டு ஓட்டுங்க!” என்று என் குரலிலேயே கதற, நடுவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம், கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். போட்டியாளர்களின் குடும்பக் கதையைச் சேகரிப்பது அவள் வேலையாம். நல்ல பெண்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, “சார், உங்க வீட்ல என்ன கஷ்டம்?” என்று கேட்டாள். “இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. “சிரிப்பை வச்சு ஒரு சுற்றுதான் சார் ஓட்ட முடியும். பிள்ளை அழுதாதான் ஜனங்க ஓட்டு போடுவாங்க.” உங்கள் தங்கையைத்தான் உங்களுக்குத் தெரியுமே, வந்தவர் கேட்ட பொருள் வீட்டில் இல்லை என்றால் அவளுக்கு மானம் போய்விடும். “யோசிச்சுப் பாருங்க, ஏதாவது இருக்கும்” என்று என்னை விரட்டினாள். நானும் யோசித்தேன். எனக்கு முதுகுவலி உண்டு, ஆனால் அது கேமராவில் தெரியாதாம். தொட்டியில் வளர்த்த மீன் ஒன்று செத்தது, ஆனால் அதற்கு இந்த வீட்டில் யாருமே அழவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே பெரிய மனது பண்ணி, எனக்கு வேலை போய்விட்டதாக முடிவு செய்தாள். வேலை போனவன் வீட்டில் அவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ் நிற்கலாமா? அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் வைத்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பால் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது.

படப்பிடிப்பு அன்று, அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று சொல்லி அழச் சொன்னார்கள். “அப்பா வீட்ல இருந்தா ஜாலிதானே?” என்று கேட்டாள் வானொலி. அப்போது அந்த ஹெட்போன் பெண் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, “அப்பா உன்னை விட்டுட்டு எங்கேயாவது போயிட்டா என்ன செய்வே?” என்று மெதுவாகக் கேட்டாள். பிள்ளை என்னைத் தேடினாள். முகத்தில் அடித்த விளக்கு வெளிச்சத்தில், நான் உட்கார்ந்திருந்த இடம் அவளுக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. நானும் எழுந்து தட்டினேன், மச்சான். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அது ஒளிபரப்பான மறுநாள் எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி என்னை நிற்கவைத்து, “நான் எப்பய்யா உன்னை வேலையை விட்டு அனுப்பினேன்? என்னைப் பார்த்தா அவ்வளவு கல்நெஞ்சக்காரனாவா தெரியுது?” என்று கேட்டார். கார் பழக வந்த ஒரு அம்மா, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது சட்டப்படி சரியா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார். யாரோ ஒரு புண்ணியவான் வாசலில் பழைய துணி மூட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்த ஒரு சட்டை எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த சுற்றில் கேட்ட உடனே அழுகை வர வேண்டும், தினமும் பழக்குங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வாய்ப்பாடு பழக்குவது போலப் பழக்கினோம். எந்நேரமும் வீட்டில் அழுகைச் சத்தம். “தோளைக் குலுக்காதேடி, பொய்யா தெரியுது” என்று உங்கள் தங்கை காய் நறுக்கிக்கொண்டே திருத்துவாள். போன ஞாயிற்றுக்கிழமை குளியலறைப் பக்கமிருந்து ஒரு பெரிய அலறல். “சூப்பர்டி! இதுதான்டி வேணும்!” என்றாள் உங்கள் தங்கை. நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “நல்லா இருக்கும்மா, மூக்கை மட்டும் உறிஞ்சாதே” என்றேன். அழுகை நின்றது. சொன்னதைக் கேட்கிறாளே என்று மகிழ்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பால் கொடுக்க வந்த தையல்காரம்மாதான், “ஐயோ, பிள்ளை விரல் கதவுல மாட்டியிருக்கு!” என்று கத்தினார். செய்தித்தாளை வீசிவிட்டு அப்போதுதான் எழுந்து ஓடினேன்.

மருத்துவமனையில் கட்டுப்போட்ட நர்ஸ், “அழவே இல்லையே, தைரியமான பொண்ணு” என்று பாராட்டினார். “அழுதேனே. அம்மா சூப்பர்னு சொன்னாங்க. அப்பா நல்லா இருக்குன்னாங்க” என்றாள் வானொலி. புகார் சொல்லும் குரலே இல்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நர்ஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் ஒன்றும் தெரியாதவர்களைக் கூட நடுரோட்டுக்குக் கூட்டிப்போகிறேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சரியான நேரத்தில் அழுத்துகிற நான், சொந்தப் பிள்ளைக்குக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒரு எதிர்காலம் வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும், மச்சான். ஆனால் அவள் அழுதால் ஓடிவந்து என்னவென்று பார்க்க இரண்டு பேர் அதற்கு முன்னால் வேண்டும். நேற்று ஹெட்போன் பெண்ணுக்குப் போன் செய்து, இனி எங்கள் பிள்ளை வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் தங்கையும் தலையாட்டிவிட்டாள். ஆகவே உங்கள் அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் அவள் படத்தைக் கழற்றிவிடுங்கள். அவளுக்காக யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் நன்றாக வளர எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்
(இன்னும் வேலையில் இருக்கிறேன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஹெட்போன் பெண்ணிடமிருந்து போன். பிள்ளையின் நலனுக்காகப் போட்டியையே உதறிய அப்பா என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சி எடுக்கிறார்களாம். நான் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், அதையே மேடையில் வாசிக்கச் சொன்னாள். நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். வேலை போன கதையை மட்டும் விட்டுவிட்டு, விரல் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டுமாம். உங்கள் தங்கை புதுச்சேலை எடுத்தாயிற்று. உங்கள் மருமகளைக் கேட்டோம். “நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா வீட்டுக்கு விளையாடப் போய்விட்டாள். தயங்கித் தயங்கி அதை ஹெட்போன் பெண்ணிடம் சொன்னேன். “பரவாயில்லை சார், குழந்தை எதுக்கு? நீங்க ரெண்டு பேர் போதும்” என்றாள். சனிக்கிழமை ஒளிபரப்பு. அலுவலகத்தில் எல்லோரையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.