நானூற்றுப் பன்னிரண்டுக்கு மூன்று

"நானூற்றுப் பன்னிரண்டுக்கு மூணு! என்ன சார் இது, கிரிக்கெட் ஸ்கோரா?" என்று கல்லூரி முதல்வர் அறிக்கையை மேசையில் போட்டார்.

விரிவுரையாளர் குனிந்து அதைப் பார்த்தார். அவரே எண்ணி, அவரே எழுதிய அறிக்கை அது. ஆன்லைன் விவாதத்தில் மாணவர்கள் வாய் திறந்தது நானூற்றுப் பன்னிரண்டு தடவை. அதே பாடம், அதே பிள்ளைகள், நேர்வகுப்பில் மூன்றே தடவை. அதிலும் இரண்டு, "வெளியே போகலாமா சார்?"

"ஆன்லைன்ல பசங்களே ஜோரா பேசிக்கிறாங்கன்னா நேர்வகுப்பு எதுக்கு? அதை மூடிட்டா உங்களுக்கு இங்க வேலை இல்ல. வெள்ளிக்கிழமை நானே வந்து பார்த்து முடிவு பண்றேன்."

சொந்தக் கையாலேயே குழி வெட்டிக்கொண்டாயிற்று. இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

மறுநாள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்த முப்பது பேரும் அவரவர் செருப்பையே ஆராய்ந்தார்கள். "கூச்சப்படாதீங்க!" என்று ஆரம்பித்தவர், கூச்சம் எத்தனை வகை என்று மணி அடிக்கும்வரை விளக்கினார். ஒரு பயலும் பேசவில்லை.

அதற்கடுத்த நாள், பேசினால் மார்க் என்றார். "எனக்கும் அதே கருத்துதான் சார்," என்று ஒருவன் எழுந்து சொல்ல, மிச்சம் இருபத்தொன்பது பேரும் அதையே ஒப்பித்தார்கள். எந்தக் கருத்து என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். "கம்ப்யூட்டர்ல எப்படிப் பேசினாங்க தெரியுமா! நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல வாங்காம அவங்க பாட்டுக்கு விவாதம்! என் சத்தத்துல அவங்க என்ன பேசினாங்கன்னு எனக்கே கேக்கல, அவ்வளவு ஈடுபாடு!"

"ஏங்க, ஒருவேளை நீங்க..."

"குறுக்கே பேசாதே!"

இருபது வருஷப் பழக்கத்தில் அவள் பேசாமல் துணி மடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை முதல்வர் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தலைப்பு, வேலையில்லாத் திண்டாட்டம். யார் முதல்ல?" என்று கேட்டுவிட்டு விரிவுரையாளர் மூன்று நொடி பொறுத்தார். அதற்கு மேல் தாங்கவில்லை, தானே தொடங்கினார். நாற்பது நிமிடம். இரண்டு தரப்பையும் அவரே பேசினார். நடுவில் ஒரு முறை தன்னையே கடுமையாகக் கண்டித்தார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் வயித்துல அடிக்காதீங்கப்பா! ஆன்லைன்ல அப்படி வெளுத்து வாங்கினீங்களே!"

முதல்வர் எழுந்து, ஓரத்தில் இருந்த கண்ணாடி போட்ட பெண்ணைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. அங்க அத்தனை பேச்சு, இங்க ஏன் இல்ல?"

"அது வந்து சார்..." என்று பதில் சொல்லப் போன விரிவுரையாளரை முதல்வர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அந்தப் பெண் மெல்ல எழுந்தாள்.

"ஆன்லைன்ல சாரோட மைக் முதல் நாள்லேருந்தே வேலை செய்யல சார். அதை அவர்கிட்ட சொல்லலாமா வேண்டாமாங்கிறதுதான் எங்களோட முதல் விவாதம்."