கிளாரினெட்டின் கேஸ் ஷீட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ வாங்கிக் கொடுத்த பழைய கிளாரினெட்டும் இப்போது சௌக்கியம். அங்கே வீட்டில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன், விசாரித்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. தம்பி, குடியிருப்பு வாத்தியக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்! நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. உட்கார்ந்து படி.

முப்பத்துநாலு வருஷம் வார்டில் 'சிஸ்டர், சிஸ்டர்' என்று என்னைக் கூப்பிடாத வாய் கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிடுவது குக்கர் மட்டும்தான். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அதனால்தான், குழுவில் ஒரு கிளாரினெட் இடம் காலி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை என்று சமுதாயக் கூடத்தில் அறிவிப்பு ஒட்டியதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். இரண்டாவது ஆள் தெருமுனைப் பல் டாக்டர். குழுவுக்குத் தலைவர் செருப்புக்கடைக்காரர். "கீழேர்ந்து மேலே ஒரு தடவை, மேலேர்ந்து கீழே ஒரு தடவை ஊதிக் காட்டுங்க, அவ்வளவுதான் சிஸ்டர்" என்றார். பூ, இவ்வளவுதானா என்று வந்தேன். திங்கட்கிழமை காலை எடுத்து ஊதினால் கீழ்ஸ்தாயி மொத்தமும் அவுட். காற்று போகிறது, சத்தம் வரவில்லை.

நீதானே சொன்னாய், எதுவானாலும் வாத்தியம் வாசிக்கிறவங்க அந்த இணையக் குழுவில் கேளுக்கா, தங்கமான மனுஷங்க என்று. கேட்டேன். 'அவசரம்!!! சத்தம் வரவில்லை. யாராவது உடனே உதவுங்கள்.' இவ்வளவுதான் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் பதில்கள் கொட்டின. ஒருவர் எந்த வாத்தியம் என்றார். ஒருவர் ஸ்பீக்கரை ஆன் செய்து பார்க்கச் சொன்னார். ஒருவர் தன் வயலினும் அப்படித்தான் என்று என்னிடம் அழுதார். குழுவை நடத்துகிறவர் தனக்குத்தானே 'ஓட்டைக்காது' என்று பெயர் வைத்துக்கொண்டவர். அவர் 'விதி நான்கைப் படித்துவிட்டு வரவும்' என்று ஒரே வரி போட்டார். எனக்கு வந்ததே கோபம்! போனை உன் மாமா மூக்குக்கு நேரே நீட்டி, "பாருங்க இந்த ஆளை! அவசரம்னு சொல்றேன், விதி பேசறான்" என்றேன். மனுஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வார்டு வாசல்ல வந்து, சிஸ்டர் ஓடி வாங்க, என்னமோ ஆயிடுச்சுன்னு கத்தறவங்களை நீ என்ன கேப்பே?" என்றார். "யாருக்கு, எப்போலேர்ந்து, எங்கே வலி, என்ன சாப்பிட்டாங்கன்னு கேப்பேன்." "அதைத்தான் அந்த ஆளும் கேக்கறார்" என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வீட்டில் மதிப்பு மரியாதை எனக்கு இவ்வளவுதான்.

விதி நான்கைப் படித்தேன். என்ன வாத்தியம், என்ன ஆகிறது, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன செய்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. அடடா, இது நம்ம கேஸ் ஷீட் ஆச்சே! உடனே எழுதினேன். 'பெயர்: கிளாரினெட். வயது: சுமார் இருபது. கொண்டுவந்து சேர்த்தவர்: தம்பி. தொந்தரவு: இடது கை ஸ்வரங்கள் நார்மல். வலது கை விரல்களை வைத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. திங்கள் காலை ஏழு மணியிலிருந்து. அதற்கு முன்: ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல் இல்லை.' ஊதிப் பதிவு செய்ததையும் சேர்த்து அனுப்பினேன். குழுவே ஆடிப்போய்விட்டது. ஓட்டைக்காது அதை 'கேள்வி என்றால் இது கேள்வி' என்று குழுவின் உச்சியில் எல்லோரும் பார்க்கும்படி குத்திவைத்தார். நான் ஃபேனுக்குக் கீழே நின்று நாலு சுற்றுச் சுற்றினேன். ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. வாயில் வைக்கிற சீவாளியை மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினேன். கழற்றி மாட்டுங்கள் என்றார்கள், கழற்றி மாட்டினேன். ஆளுக்கு ஒன்று சொல்லி வியாழக்கிழமையும் வந்துவிட்டது. அப்போது ஓட்டைக்காது மெதுவாகக் கேட்டார்: "அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்ற இடத்தில் 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜமாகவா?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வாயோரத்தில் கேக் துணுக்கை வைத்துக்கொண்டு "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்" என்று சாதித்த எத்தனை சர்க்கரை நோயாளிகளை நான் வறுத்தெடுத்திருக்கிறேன்! இப்போது நானே அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறேன். நடந்தது இதுதான், நீ கோபிக்காதே. யாரோ இருபது வருஷம் ஊதி எச்சிலெல்லாம் கீழே இறங்கின சாமானாச்சே என்று ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனசு கேட்கவில்லை. கீழ்ப்பாதியைக் கழற்றி, வெந்நீரில் கிருமிநாசினி கலந்து, அறுவை சிகிச்சைக் கத்தி மாதிரி இருபது நிமிஷம் ஊறப்போட்டுவிட்டேன். வெட்கத்தில் அதை மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதினேன். நாலாவது நிமிஷம் பதில் வந்துவிட்டதுடா! துளைகளை மூடுகிற குட்டி மெத்தைகள் ஊறி உப்பியிருக்கும், விரலால் அழுத்துகிற சாவி துளையைச் சரியாக மூடாது, நடுவில் மெல்லிய தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், எதில் தாள் பிடிக்காமல் வழுக்குகிறதோ அதுதான் ஆள் என்றார். இழுத்தேன். மூன்று வழுக்கின. வெள்ளிக்கிழமை வாத்தியம் பழுது பார்க்கிறவர் மூன்றையும் மாற்றிக்கொடுத்து, "இதை யாருங்க குளிப்பாட்டினது?" என்று கேட்டார். உன் மாமா என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுச் சோதனையில் ஊதினேன் பார், கீழ்ஸ்தாயி கப்பல் சங்கு மாதிரி முழங்கியது. செருப்புக்கடைக்காரர் கண்ணை மூடிக் கேட்டார், நோட்டில் ஏதோ எழுதினார், "சிஸ்டர், இனிமே நீங்க இல்லாம குழு இல்லை" என்றார். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆகவே தம்பி, இனி நீயும் யாரிடம் எதைக் கேட்டாலும் முழு விவரத்தோடு கேள். அரைகுறையாகக் கேட்டு அடுத்தவர் பிராணனை வாங்காதே.

உனக்கும் உன் வீட்டாருக்கும் நல்ல பசியும், படுத்தால் தூக்கமும், ஒழுங்கான ரத்த அழுத்தமும் என்றும் இருக்கட்டும்.

உன் அன்பு அக்கா

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகிற வழியில் பார்த்தேன், சமுதாயக் கூடத்தில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. கிளாரினெட்: பல் டாக்டர். பெரிய டிரம்: நான்! செருப்புக்கடைக்கே போய்ச் சண்டை பிடித்தேன். "உங்க ஊதலை விடுங்க சிஸ்டர். ஊதும்போது காலால தாளம் தட்டினீங்களே, கடிகாரம் தோத்துடும். எங்க ஆளுங்க முப்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடறாங்க, அவங்களை ஒரு கட்டுக்குள்ள வைக்க நீங்கதான் வேணும்" என்றார். முப்பத்துநாலு வருஷம் நாடி எண்ணினவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? இனி அத்தனை பேரும் என்னைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைக்கணும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரம்மைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது வீட்டு வாசல் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது? ரொம்ப அவசரம், உடனே பதில் போடு. டிரம் எத்தனை அகலம், எங்கே இடிக்கிறது, என்ன செய்து பார்த்தாய் என்றெல்லாம் திருப்பிக் கேட்டு என் உயிரை எடுக்காதே.