ஐஸ்லாந்து வெந்நீரும் என் கைலியும்

அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி ரீத்தா, மகள் ஷீலா, ஆண்கள் குளியலறையில் காவலுக்கு நின்ற செம்பட்டைத் தாடிக்காரர், பிறகு சிரம்பானில் ராசாப் பகுதியில் வீடு வைத்திருக்கும் குலசிங்கம் ஐயா. (சுற்றி நின்ற மற்ற வெள்ளைக்காரர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் யாரையும் தெரியாது. அதனால் ஆபத்தில்லாதவர்கள்.) இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இப்போது சிரம்பான் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இந்தக் கதையைச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள்.

நான் பயந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் என்று எல்லாரிடமும் சொல்வேன். அதுவும் உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்புக்குக் கோலா கிளாவாங் டவுனுக்கு பஸ்ஸில் போக வேண்டும், வளைவில் பஸ் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று நான் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்ததும் உண்மை. பிறகு அதே மலைப்பாதையில் வருடக்கணக்காக எண்ணெய்ப்பனை லோரி ஓட்டினேன். தைரியம் வந்து ஓட்டவில்லை. பயந்துகொண்டே ஓட்டினேன்.

ரீத்தா அப்படி இல்லை. இருட்டோடு எழுந்து, மேட்டு ரப்பர்க் காட்டில் பால்மரம் சீவி, பால் வாளியோடு ஏறி இறங்கியே இரண்டு முட்டிகளையும் தேய்த்துக்கொண்டவள். வேலையிலிருந்து நின்று சிரம்பான் அம்பாங்கானில் வீடு வாங்கி வந்த பிறகும் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவாள், நண்டு மாதிரி. ஷீலா இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு நாள் அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள். சுற்றிலும் பனி, நடுவில் பால் கலந்த மாதிரி நீல நிறத்தில் ஒரு குளம், ஆவி பறக்கிறது, அதற்குள் கழுத்தளவு தண்ணீரில் மனிதர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எரிமலைச் சூட்டுல தானா கொதிக்கிற தண்ணிம்மா. ஐஸ்லாந்துல."

ரீத்தா அந்தப் படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். "இதுல ஒரு தடவ முட்டிய நனைச்சா போதும்டி" என்றாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. முட்டிக்கு வெந்நீர் கேட்டாள்.

ஷீலா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

நல்ல ஊர், அதில் சந்தேகமே இல்லை. மரம் கிடையாது, கொசு கிடையாது, பாம்பு கிடையாது. (மூன்றாவதை மூன்று பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.) கடற்கரை மணல் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. தரையிலிருந்து வெந்நீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிற இடத்துக்குப் போனோம். ரீத்தா கயிற்றை ஒட்டி நின்று ஒவ்வொரு தடவையும் குழந்தை மாதிரி கை தட்டினாள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று பஸ்ஸின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஹோட்டல் குழாயில் வெந்நீர் திறந்தால் அவித்த முட்டை வாசம் அடித்தது. கேஸ் கசிகிறது என்று நான் கீழே ஓடிப்போய்ப் புகார் சொன்னேன். இந்த நாட்டில் தண்ணீரே அப்படித்தான் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். மறுநாளும் போய்ச் சொன்னேன். மறுநாளும் விளக்கினாள்.

மூன்றாம் நாள்தான் குளம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன். பத்து வீட்டுக்கு ஒரு குழாய், அதுவும் வாசலில். ஆண்கள் கைலியைக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள், பெண்கள் கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அம்பாங்கான் வீட்டில் ஓடு பதித்த குளியலறை, உள்பக்கம் தாழ்ப்பாள், ஜன்னல்கூடக் கிடையாது. அதற்குள்ளும் நான் கைலி கட்டிக்கொண்டுதான் குளிக்கிறேன். (யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் அதையும் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.)

குளத்து வாசலில் ஆண்களுக்கு வலப்பக்கம், பெண்களுக்கு இடப்பக்கம். கையில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டார்கள். அதைக் காட்டினால் இரும்புச் சுழல்கதவு திறக்கும்.

"அப்பா, உள்ள போய் என்ன சொல்றாங்களோ அப்படியே செய்ங்க. பயப்படாதீங்க லா" என்றாள் ஷீலா.

"அம்மா கைய விட்றாத" என்றேன்.

"தண்ணிக்குத்தான் போறேன், போருக்கா போறேன்?" என்றாள் ரீத்தா. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கு அவள் நண்டு மாதிரி நடக்கவில்லை.

உள்ளே போனேன். ஷீலா வாங்கித் தந்த குளிக்கிற கால்சட்டையைப் போட்டு, அதற்கு மேலே வீட்டிலிருந்து கொண்டுபோன கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். சுவரில் ஒரு மனிதப் படம். தலை, அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம் எல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. இறைச்சிக் கடையில் எந்தப் பகுதி என்ன விலை என்று போட்டிருப்பார்களே, அது மாதிரி. படத்துக்குக் கீழே வரிசையாகக் குழாய்கள். குழாய்களுக்குக் கீழே வரிசையாக ஆண்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை. ஒருவர் மேலும் ஒரு நூல் கிடையாது. பேசிக்கொண்டே சோப்புப் போடுகிறார்கள்!

தாடிக்காரர் என்னிடம் வந்தார். என் கைலியைக் காட்டினார், படத்தைக் காட்டினார், குழாயைக் காட்டினார். குளத்தில் மருந்து எதுவும் கலப்பதில்லை, அதனால் எல்லாவற்றையும் கழற்றி நன்றாகக் கழுவிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புரிந்தது. ரொம்ப நன்றாகப் புரிந்தது. இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம்?

ரீத்தா!

அந்த நிமிடத்தில் நான் யோசித்திருக்கலாம். அவள் கூடப் பெற்ற மகள் இருக்கிறாள், அந்த மகள் நர்ஸ், அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். யோசிக்கிறதையே தொழிலாக வைத்திருக்கும் நான், யோசிக்க வேண்டிய அந்த ஒரு தடவை யோசிக்கவில்லை. வந்த வழியே ஓடினேன். சுழல்கதவில் பாய்ந்தேன். அது பாதி சுற்றி நின்றுவிட்டது. கைலியின் ஓரம் இரும்புக்குள் மாட்டிக்கொண்டது. எதிரே பெண்கள் பக்கத்துக் கதவு. நான் போக முடியாது, குரல் போகும்.

"ரீத்தா! உள்ள போகாத! ரீத்தா, உள்ள போகாத!"

தோட்டத்தில் யானை வந்தால் கத்துவார்களே, அந்தக் குரல். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவர், என் பக்கத்தில் குனிந்து மாட்டியிருந்த துணியை மெதுவாக இழுத்து எடுத்தார்.

"நீங்கள் சிரம்பான் ஆளே?" என்று கேட்டார்.

"எப்படிங்க ஐயா தெரியும்?"

"உந்தச் சாரத்தைக் கண்டவுடனே விளங்கிச்சு. உதை உடுத்துக்கொண்டு இஞ்ச வேற ஆர் வருவினம்?"

அவர்தான் குலசிங்கம் ஐயா. அவருடைய அப்பா ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணி, எங்களுக்குப் பேர் போட்டுக் கணக்கு எழுதுகிறவர். (உலகத்தின் மறு முனைக்குப் போனாலும் கிராணி வீட்டு ஆள் கண்ணில் நாம் மாட்டத்தான் வேண்டும் போலிருக்கிறது.)

எதிர்க்கதவு திறந்தது. ரீத்தா ஓடி வந்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு, மேலே குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு, முடி நனைந்து, முகம் வெளுத்து. எனக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம். ஈரத் தரையில் கால் வழுக்கியது. வலது முட்டி வாசற்படிக் கல்லில் அடித்தது.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல்தான் உள்ளங்கை அளவுக்கு உரிந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் பெண் ஓடிவந்து கழுவி மருந்து போட்டுக் கட்டினாள். கட்டிவிட்டு, திறந்த காயத்தோடு குளத்தில் இறங்க விட முடியாது என்று ஷீலாவிடம் வருத்தமாகச் சொன்னாள். நாளைக் காலையில் எங்களுக்கு விமானம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ரீத்தாவும் நானும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் பனி, ஆவி, நீலத் தண்ணீர். அவளே பிடிவாதம் பிடித்து ஷீலாவை இறங்க வைத்தாள். ஷீலா தண்ணீருக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். ரீத்தாவும் சிரித்துக்கொண்டு ஆட்டினாள். பிறகு கையை இறக்கிக் கட்டுப் போட்ட முட்டியின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அங்க எல்லாரும் துணியில்லாம நிக்கிறாங்க ரீத்தா. உன்ன அப்படி நிக்க வைப்பாங்களேன்னுதான்..." என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கூச்சப்படுறவங்களுக்குத் தனியா திரை போட்டு வச்சிருக்காங்கங்க" என்றாள். "நான் அதுக்குள்ளதான் இருந்தேன். குளிச்சும் முடிச்சிட்டேன்."

ஷீலா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, "தண்ணி எப்படிடி இருந்திச்சி?" என்று ரீத்தா கேட்டாள். ஷீலா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நாங்கள் விமானம் ஏறுவதற்குள் கதை அம்பாங்கானில் இறங்கிவிட்டது. குலசிங்கம் ஐயா நல்ல மனிதர். ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னாராம். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் குளிக்கப் போனாலும் வெளியிலிருந்து, "ரீத்தா, உள்ள போகாத!" என்று ஒரு குரல் வரும். போர்ட்டிக்சன் கடலில் என் தம்பி பிள்ளைகள் அலைக்கு அலை கத்துகிறார்கள். போன மாதம் மாதா கோயிலில் ரீத்தா பாதிரியாரின் கூண்டுக்குள் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும்போது பின் பெஞ்சிலிருந்து எவனோ மெதுவாகச் சொன்னான். ரீத்தாவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் சொல்வார்கள்.

இந்த வருடம் ஷீலா மறுபடியும் டிக்கெட் போட்டாள். அம்மாவுக்கும் அவளுக்கும்.

"நீங்க வீட்டப் பார்த்துக்குங்க" என்றாள் ரீத்தா. கோபமாகச் சொல்லவில்லை. கறி வாங்கி வாருங்கள் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் ஒரு நாள், இங்கே நான் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும் நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள் போல. முதலில் ஆவிதான் தெரிந்தது. பிறகு ரீத்தாவின் தலை, தலை மட்டும், நீலத் தண்ணீருக்கு மேலே. முடியில் பனி ஒட்டியிருந்தது.

"முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"முட்டின்னு ஒன்னு இருக்கிறதே தெரியலங்க" என்றாள்.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. இவ்வளவு சூட்டில் பிரஷர் ஏறாதா, தரை வழுக்குமே, ஷீலா பக்கத்தில்தானே இருக்கிறாள், எரிமலை பற்றி ரேடியோவில் ஏதாவது சொன்னார்களா. வாய் வரைக்கும் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரு. இங்க ஒரு அவசரமும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தேன்.