அரைமணியும் ஓர் அண்டா வெந்நீரும்

சென்னைப் பட்டணத்தில் அடி வாங்குவதற்கு முழுத் தகுதியும் இருந்து, கடைசிவரை ஓர் அடிகூட வாங்காமல் தப்பிய ஒரே மனிதன் அரைமணிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பௌதிகமா, அரைமணி, ரசாயனமா, அதுவும் அரைமணி என்று எந்தப் பாடத்தையும் அரைமணியில் திருப்பிப் பார்க்க வழி சொல்லிக்கொண்டு திரிந்ததால், மயிலாப்பூர் மெஸ் மாடியில் குடியிருந்த நாங்கள் வைத்த பெயர் அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் காலேஜ் இண்டர்மீடியட் பரீட்சையில், பௌதிகத்தில் ஒரு முறை கோட்டை விட்டவன். “இன்னொரு தரம் தோத்தியோ, சிந்தாதிரிப்பேட்டையிலே நம்ம இரும்புக் கடையிலே உட்கார்ந்து ஆணி நிறுக்க வேண்டியதுதான்” என்று மாமா சொல்லிவிட்டார். மாமா சொன்னால் சொன்னதுதான். அந்தப் பயத்தில் விடிந்ததிலிருந்து உரக்கப் படிப்பேன். பக்கம் புரட்டுவதற்குள் தூங்கிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

அரைமணி என் அறைக்கூட்டாளி. ராயப்பேட்டையில் வீடு இருந்தும் படிப்பதற்கென்று மெஸ்ஸுக்கு வந்தவன். அவனும் தோற்றவன்தான், அதே பரீட்சைக்கு மறுபடி உட்காரப் போகிறவன். ஆனால் உபதேசம் மட்டும் எனக்கு.

“இன்னா நைனா, இத்தையே எத்தினி தபா ஓதிக்கினு இருப்பே? டைம் வேஸ்ட்டு.”

ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால், என் பௌதிகப் புத்தகத்தில் அட்டை மட்டும் இருக்கிறது. உள்ளே இருந்ததையெல்லாம் கிழித்து மெஸ் முழுக்க ஒட்டியிருந்தான். ஒளி கிணற்றடியில், ஒலி மாடிப்படியில், வெப்பம் சமையலறையில். “போவ சொல்ல வர சொல்ல பாத்துக்கினே போ. ஒக்காந்து படிக்கிற நேரம் மிச்சம்” என்றான். மத்தியானத்துக்குள் ஒளி நனைந்து கூழாயிற்று. வெப்பத்தை மெஸ் ஐயர் அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டார். நான் கத்திய கத்தலில் தெருவே கூடியது. அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

இதாவது போகட்டும். ஒரு நாள் டிராமில் போகும்போது, நாலு பேர் காதில் விழும்படி ஆரம்பித்தான்.

“தண்ணி கொதிக்கக் கொதிக்க சூடு ஏறிக்கினே போவும். இன்னா சொல்றே?”

“ஏறாதுடா முட்டாள்! கொதி வந்த பிறகு நீ எவ்வளவு எரிச்சாலும் சூடு அதே அளவுதான். மேல கொடுக்கிற வெப்பமெல்லாம் நீராவியாகறதுக்குச் செலவாயிடும்.”

“அடுப்பு எரிஞ்சிக்கினே கீது. சூடு மட்டும் ஏறாதா? இன்னாபா கதை உடறே?”

எதிரில் இருந்த பெரியவர் தலையை ஆட்டினார். “ஆத்துல தினம் வெந்நீர் போட்டுண்டுதானே இருக்கோம்? அந்தப் பிள்ளை சொல்றதுதான் வாஸ்தவம்.” டிராம் முழுவதும் அவன் கட்சி. எனக்கு ரத்தம் கொதித்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போனதுகூடத் தெரியாமல், தொண்டை கட்டும்வரை மறைவெப்பத்தை விளக்கினேன். கடைசியில் கண்டக்டர்கூட நம்பவில்லை.

நிரூபித்துக் காட்டாவிட்டால் நான் மனிதனில்லை என்று, பக்கத்து வீட்டு டாக்டரிடம் கெஞ்சி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். குளிப்பதற்காகத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் விட்டேன். ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் கொதிநீரைத் தாங்காது என்பது ஆத்திரக்காரனுக்கு எங்கே உறைக்கும்? பட்டென்று வெடித்தது. பாதரசம் முழுவதும் அண்டாவுக்குள். “அடப்பாவி! குளிக்கிற ஜலத்துல விஷத்தைக் கலந்துட்டியே!” என்று ஐயர் விறகுக்கட்டையோடு என்னைத் துரத்தினார்.

அந்தச் சமயத்திலும் அரைமணி சும்மா இருந்தானா? “பாத்தியா நைனா! சூடு ஏறிக்கினே போச்சு, அதான் வெடிச்சிச்சு!”

அதன் பிறகு பரீட்சை வரைக்கும் இதே பிழைப்பு. அவன் ஒரு தப்பைச் சொல்வான், நான் பாய்வேன். இவனோடு கத்தியே என் படிப்பு நாசமாயிற்று என்று உள்ளுக்குள் அழுதேன்.

பரீட்சைத் தாளை வாங்கினேன். கொதிக்கும் நீரை மேலும் சூடாக்கினாலும் அதன் வெப்பநிலை உயராதது ஏன்? எனக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது. பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் எழுதினேன். ஒவ்வொரு வரியும் அவன் முகத்துக்கு நேரே சொன்ன பதில். அடுத்த கேள்வியும் அவனோடு சண்டை போட்டதுதான், அதற்கடுத்ததும் அப்படியே.

முடிவு பத்திரிகையில் வந்தது. என் நம்பர் இருந்தது. அவன் நம்பர் இல்லை. கேட்டுவிடுவது என்று ராயப்பேட்டைக்கு, அவன் வீட்டுக்கே போனேன்.

“நான் எப்படிடா தேறினேன், நீ ஏன் தேறலே?”

“நீ புக்கைத் தொட்டா தூங்கறே. சண்டை போட்டா ஒரு எழுத்து உடாம ஒப்பிக்கிறே. மொத நாளே பாத்துட்டேன். அதான் உன்னை உசுப்பிக்கினே இருந்தேன்.”

“அப்போ உனக்கு?”

“எனக்குக் கோவம் வர மாட்டேன்றதே நைனா, நான் இன்னா பண்றது?”

நான் விடவில்லை. அவனுடைய அடுத்த பரீட்சை வரைக்கும் சாயங்காலமானால் ராயப்பேட்டைக்கு நடந்துபோய், தெரிந்த பொய்யெல்லாம் சொன்னேன். காற்றே இல்லாத இடத்திலும் சத்தம் கேட்கும் என்றேன். காந்தம் பித்தளையை இழுக்கும் என்றேன். கழுதை என்றேன், மடையன் என்றேன்.

“நீ பாஸ் பண்ண ஆளு. சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவன் பாயில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

மறுபடியும் தோற்றான். பிறகு அவன் பரீட்சைக்கே உட்காரவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவ்வளவு உரிமையோடு நான் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒருவன் அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவும் இல்லை.