செபமாலை முடிந்த பிறகு

சின்னவள் சகாயசெல்வி சிலேட்டின் மேல் தலைவைத்துத் தூங்கியிருந்தாள். பெரியவள் பெர்னதெத் நின்றபடியே. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி தகப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"முசியே தனிஸ்லாஸ், தாயில்லாத புள்ளைங்க. தினமும் கிளாசுல தூங்கினா எப்படி? வீட்டுல தூங்க வைக்க ஆளில்லன்னா போர்டிங்குல விட்டுடுங்க. ஒரு வாரம் பாக்கறேன்."

"வேணாம், மா சேர். நான் தூங்க வைக்கறேன்."

மனைவி அமலோற்பவம் போன பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்த சத்தம் இந்த இரண்டு பெண்கள்தாம். அதையும் அனுப்பிவிட்டால் சுவர்க்கடிகாரம்தான்.

அன்றே சட்டம் போட்டார். சாப்பாடு, செபமாலை, படுக்கை. அதற்குப் பிறகு பேச்சில்லை.

செபமாலை முடிந்தது. விளக்கைத் தணிக்கப் போனார்.

"அப்பா, அம்மா ஆத்துமாவுக்கு ஒரு பரலோக மந்திரம்" என்றாள் பெர்னதெத்.

மறுக்க முடியுமா? சொன்னார்கள்.

"பெரியப்பா ஆத்துமாவுக்கு?"

"சரி."

"வீராம்பட்டினத்துல கடலுக்குப் போனவங்களுக்கு?"

"சரி. அவ்வளவுதான்."

"ஆளை உக்காரவெச்சு புஸ் வண்டி தள்ற ராஜாங்கத்துக்குக் கால் வலி" என்றாள் சின்னவள்.

"அவரு நம்ம வேதக்காரர் இல்லியே, கண்ணு."

"கால் வலிக்குதே."

அவர் கல்லூரியில் தர்க்கம் படித்தவர். மறுபடியும் மண்டியிட்டார். ராஜாங்கத்தின் காலிலிருந்து வண்டிச்சக்கரத்துக்குப் போனார்கள். எங்கோ ஒரு ஆமென்னில் அவர் மண்டியிட்டபடியே தூங்கிப்போனார். விடிந்தபோது பாயில் கிடந்தார். பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள்.

பங்குச்சாமியாரிடம் ஓடினார்.

"சாமி, செபத்துக்கு ஒரு வரம்பு சொல்லுங்க."

"ஊர்ல எல்லாரும் புள்ளைங்க செபமே சொல்றதில்லன்னு வந்து அழுவுறாங்க. நீ கொறைக்கச் சொல்றியா?" சாமியார் கொஞ்சம் இரங்கினார். "படுத்துக்கினே சொல்லச் சொல்லு. தன்னால தூக்கம் வந்துடும்."

வந்தது, அவருக்கு. நடுவில் அவரைப் படுக்கவைத்து, இருபுறமும் இருந்து வேண்டினார்கள். தெருவில் செத்தவர் ஒருவர் பாக்கியில்லை.

மறுநாள் செபத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார்.

"அப்ப கதை" என்றாள் பெர்னதெத்.

ஒரு வேதசாட்சியைச் சிங்கத்தின் முன் நிறுத்தினார். சிங்கம் அவர் காலை நக்கியது. பெண்கள் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஏன் தின்னல?"

"புனிதர் இல்லியா."

"அப்ப சிங்கம் ராத்திரிக்கு என்னா சாப்புடும்?"

சிங்கத்துக்குச் சாப்பாடு தேடியே நேரம் போனது. ஆட்டுக்கறி போடலாமா என்று யோசிக்கையில் அவர் கண் செருகியது.

வாரம் முடிந்தது. மறுபடியும் கன்னியாஸ்திரியின் அறை. பெண்கள் இருவரும் சுவரோரம் நின்றார்கள்.

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேன், மா சேர்" என்றார் தனிஸ்லாஸ். "என்னால ஆவல. போர்டிங்குக்கு என்னென்ன கொண்டாரணும்?"

கன்னியாஸ்திரி பெண்களிடம் திரும்பினார். "அப்பா இவ்ளோ பாடுபடறாரு. நேரத்தோட தூங்கறதுக்கு உங்களுக்கு என்னா கஷ்டம்?"

பெர்னதெத் தங்கையின் கையை அழுத்தினாள். சகாயசெல்வி கையை உருவிக்கொண்டாள்.

"இவரத் தூங்க வெச்சிட்டுத்தானே, மா சேர், நாங்க தூங்கணும்? அம்மா செத்ததுலேருந்து ராவெல்லாம் நாற்காலியிலயே உக்காந்திருந்தாரு. இப்பதான் கொஞ்சம் பழகியிருக்காரு."