கள்ளிக்குப்பத்து லேப்டாப் சித்தர்

கண்ணுகளா, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தோம், மனைக்குப் பார்த்தோம், பிள்ளைக்கு வைக்கும் பெயரின் முதல் எழுத்துக்கும் பார்த்தோம். மிச்சம் இருந்தது லேப்டாப் ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்க்கக் கள்ளிக்குப்பத்தில் ஒரு மகான் அவதரித்தார்.

பெயர் ரகுநாதன். போன வருஷம் வரை பாடி மேம்பாலத்துக்குக் கீழே போன்களுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். இப்போது லேப்டாப் சித்தர். மச்சான் வரதனின் 'புதன் கம்ப்யூட்டர்ஸ்' கடையில், பிரிண்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, புலித்தோல் அச்சடித்த போர்வையில் அமர்ந்து அருள்பாலிப்பார். அவர் கண்டுபிடித்த பேருண்மை இதுதான்: லேப்டாப்பை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, லேப்டாப்தான் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது!

நீங்கள் ராசியைச் சொல்ல வேண்டும். சித்தர் மோதிரக் கையில் விபூதி அள்ளி, நீங்கள் ஆசைப்பட்ட மெஷினின் மேல் கொண்டுபோவார். திரை எரிந்துகொண்டே இருந்தால் அது உங்களை ஏற்றுக்கொண்டது. படக்கென்று இருண்டுபோனால் தோஷம். மீறி வாங்கினால் வேலை போகும், வைரஸ் வரும், மாமியாருக்கு உடம்பு படுத்தும். கடைசிப் பலனுக்காகவே இரண்டு பேர் ஆசையாக வாங்கிப் போனதாகக் கேள்வி. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மெஷினுக்குப் பரிகாரத் தாயத்து உண்டு, அதற்குத் தனிக் காசு.

ஆயுத பூஜை நெருங்கிய ஞாயிற்றுக்கிழமை. வரிசை கடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, தெருமுனை வரை நின்றது. புது வண்டிக்குச் செய்வது போல லேப்டாப்புக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாறு உள்ளே இறங்கிச் செத்துப்போன மெஷினைக் கையில் பிடித்தபடி, "திருஷ்டி எவ்ளோ பலம் பாத்தியா?" என்று பெருமைப்பட்டவரும் அதில் இருந்தார்.

அந்த வரிசையில்தான் அண்ணனூர் கார்த்திகாவும் நின்றாள். மறுநாள் புது வேலையில் சேர வேண்டும். அந்தக் கம்பெனியில் எல்லாமே லினக்ஸ். சொந்த லேப்டாப்போடு வா, இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். காலை மின்சார ரயிலில் மூச்சு விடவே இடம் இருக்காது. தோளில் கனக்காத சின்ன மெஷின்தான் அவளுக்குச் சரி. ஆனால் பணம் அம்மா நாகம்மாள் சீட்டு எடுத்த பணம். சித்தர் சரி என்றால்தான் அம்மாவின் முந்தானை முடிச்சு அவிழும்.

லினக்ஸ் தெரியாத கண்ணுகள் பயப்பட வேண்டாம். விண்டோஸ் செய்யும் வேலையைக் காசு கேட்காமல் செய்வது அது. என்ன, எல்லா மெஷினோடும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகுமா என்று பார்க்க நட்சத்திரம் தேவையில்லை, லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவ் போதும்.

கார்த்திகா அதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஏதோ ஆபீசில் உழைத்து ஓய்வுபெற்று, ஷெல்ஃபின் ஓரத்தில் கிடந்த சின்ன மெஷினை எடுத்தாள். பென்டிரைவைச் செருகி லினக்ஸை ஓடவிட்டாள். வைஃபை பிடித்தது. ஸ்பீக்கர் பாடியது. கேமராவில் நாகம்மாளின் கடுகடுத்த முகம் தெளிவாகத் தெரிந்தது.

"இதாம்மா எனக்கு."

"சாமி சொல்லட்டும்," என்றாள் நாகம்மாள்.

சாமி கண்ணை மூடினார். "இன்னா ராசி?"

"விருச்சிகம் சாமி. அனுஷம்."

கை இறங்கியது. திரை இருண்டது. வரிசை மொத்தமும் "அய்யய்யோ" என்றது.

"வேற ஒருத்தன் கை பட்ட மெஷின்மா இது. அவன் கர்மா உள்ளாற கீது. பாப்பாவுக்கு ஆவாது." சித்தரின் கை அப்படியே நகர்ந்து, சிவப்பு விளக்கு எரியும் ராட்சத மெஷினின் மேல் நின்றது. அது அணையவில்லை. "பாத்தியா, எப்டி சிரிக்குது! இதான் பாப்பாவ கூப்புடுது."

ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. மலிவான மெஷின் என்றால் சித்தரின் கை விசைகளை உரசும். விலை ஏற ஏறக் கையும் ஏறும். அந்த ராட்சதனுக்கு ஒரு முழ உயரத்தில் நின்றது. மரியாதை போலிருக்கிறது!

"அதுல லினக்ஸ் போட்டா வைஃபையே வரலம்மா, உள்ள வந்ததும் பாத்துட்டேன். தூக்கினா தோளு எறங்கிடும்."

"எறங்கினா தைலம் தேச்சுக்கலாம்டி. சாமி கைய வெச்சதும் அணைஞ்சு பூட்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

அணைந்தது உண்மைதானே! கார்த்திகா கண் கலங்க நின்றாள். வரதன் அதற்குள் ராட்சதனுக்குப் பில் போட ஆரம்பித்துவிட்டான்.

துணைக்கு வந்த தோழி ஜாஸ்லின், "அழாதடி," என்று கைக்குட்டை எடுப்பதற்காகக் கையிலிருந்த போனைச் சின்ன மெஷினின் மேல் வைத்தாள். சித்தரின் கை விலகியதும் எரிந்திருந்த திரை மறுபடி இருண்டது.

"இந்தப் பொண்ணுக்கும் தோஷம்டோய்!" என்றது வரிசை.

"நான் சர்ச்சுக்குப் போறவ அண்ணாத்தே, எனக்கு ராசியே கெடையாது," என்று போனை எடுத்தாள். திரை எரிந்தது. வைத்தாள். இருண்டது. அவள் போனுக்கு மடக்கு உறை. அது மூடிக்கொள்ள ஓரத்தில் ஒரு காந்தம். தோழிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இவ்வளவுதான் கண்ணுகளா. லேப்டாப் மூடியில் குட்டிக் காந்தம் ஒன்று உண்டு. மூடும்போது அது கீழே நெருங்கிவர, 'சரி, மூடிவிட்டார்கள்' என்று மெஷின் தூங்கப் போகும். வேறு காந்தத்தைக் காட்டினாலும் அதே ஏமாற்றம்.

கார்த்திகா செட்டிங்ஸைத் திறந்தாள். 'மூடினால் தூங்கு' என்று இருந்ததை 'மூடினாலும் ஒன்றும் செய்யாதே' என்று மாற்றினாள். குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"சாமி, மனசு கேக்கல. இன்னொரு தபா கை வைங்களேன்."

வைத்தார். எரிந்தது. இன்னும் தாழ்த்தினார். எரிந்தது. தேய்த்தார். விபூதி கொட்டியதே தவிர விளக்கு அணையவில்லை. சித்தருக்கு வேர்த்தது.

வரதன் குனிந்து, "மாமே, தோஷம் பூட்சுன்னு சொல்லிடு," என்றான். ரகசியமாகத்தான் சொன்னான், டீக்கடை வரைக்கும் கேட்டது.

"ஆமா சாமி, பூட்சு," என்றாள் கார்த்திகா. "ஒரே கிளிக்குல. எம்மா, உன் ஊக்கைக் குடு."

நாகம்மாள் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள். கார்த்திகா அதை மோதிரத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். ஊக்கு துள்ளிக் குதித்து மோதிரத்தில் ஒட்டிக்கொண்டது.

நாகம்மாள் சித்தரின் விரலிலிருந்து மோதிரத்தை உருவினாள். ராட்சத மெஷினின் மேல் வைத்து மெதுவாக ஓட்டினாள். வலது ஓரத்தில் வந்ததும், சிரித்துக்கொண்டிருந்த ராட்சதன் இருண்டுபோனான்.

"ஏன்யா, என் பொண்ண கூப்டுகினு கீதுன்னியே! இப்ப இன்னா, இதுக்கும் கர்மாவா?"

சித்தர் பின்பக்கக் கதவைத் தேடினார். அங்கே அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன. வரிசையே உள்ளே புகுந்து, வாங்கிய பரிகாரத் தாயத்துகளை ஒவ்வொன்றாக அவர் மடியில் போட்டுக் காசைத் திருப்பிக் கேட்டது. நாகம்மாள் முந்தானையை அவிழ்த்து, சின்ன மெஷினுக்கு உண்டான பணத்தை எண்ணி வைத்தாள். மறுநாள் காலை கார்த்திகா ரயிலில் ஏறினாள். தோளில் பை இருந்ததே தெரியவில்லை என்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகப் போய்ப் படுத்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு அவர்கள் இறங்கும்போது, சட்டை மடிப்புக் கலையாத ஒரு பெரிய மனிதர் தன் லேப்டாப்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தாயி, நீ தொட்டதும் தோஷம் போச்சே. இதையும் கொஞ்சம் தொட்டுக் குடும்மா."

காந்தம் கிட்டே வந்தால் கண்ணை மூடிக்கொள்வது லேப்டாப்பின் அமைப்பு. பாவம், அதற்கு யோசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே என் செல்லங்களே! அப்புறம் எதற்கு, ஒரு மோதிரக் கை நீண்டதும் நீங்களும் அதோடு சேர்ந்து தூங்கிப்போகிறீர்கள்?