கைத்தாங்கல்காரர்

கைத்தாங்கல்காரர் என்றொரு இனம் உண்டு. பார்வையில்லாத ஒருவரைக் கண்டால் போதும், இவருடைய கை தானாக நீண்டுவிடும். கேட்டுவிட்டு நீள்கிற கை அல்ல அது. சமதரையில் "படி, படி!" என்பார், காது நன்றாகக் கேட்கிறவரிடம் தொண்டை கிழியக் கத்துவார், "தண்ணி குடிப்பாங்களா?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் விசாரிப்பார், எதற்கும் இருக்கட்டுமென்று "பார்த்து, பார்த்து!" என்றும் சேர்த்துக்கொள்வார். எதைப் பார்ப்பதாம்? அதைச் சொல்ல மாட்டார்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு சித்தப்பா. அவருடைய அண்ணன் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுக்கு ஓர் அலுவலகத்தில், வாசிப்பதைக் கேட்டு அடிக்கிற டைப்பிங் தேர்வு. தேறினால் வேலை, தேறாவிட்டால் மறுபடி சொந்தக்காரர்களின் உச்சுக்கொட்டல். தடவினால் தெரிகிற மேடுகள் வைத்த கீபோர்டில் பழகி, அதையே தேர்வுக்கும் கொண்டுபோயிருந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். வலது ஆள்காட்டி விரல் 'ப' விசையின் மேட்டைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற விரல்கள் சமர்த்தாகத் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

துணைக்கு வந்த சித்தப்பாவுக்கு அவள் கை வைத்திருந்த விதம் கோணலாகப் பட்டது. மனிதர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற ரகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேர்வாளர் வாசிக்க வாயெடுத்த நேரத்தில்தானா பாய வேண்டும்? "பார்த்தும்மா, கை நகர்ந்திருக்கு!" என்று வலது மணிக்கட்டைப் பிடித்து, ஒரு விசை வலப்பக்கம் தள்ளிவைத்தார்.

தேர்வாளர் 'பட்டு' என்றார். 'ப'வுக்குப் பக்கத்து வீடு 'ம', 'ட'வுக்குப் பக்கத்து வீடு 'ண'. அடித்ததைப் படித்துச் சொல்லும் கணினி, கணீரென்று 'மண்ணு' என்றது.

"ஐயையோ, தப்பு! நான் அப்பவே நினைச்சேன்."

"சித்தப்பா, கையை எடுங்க."

"உனக்கு உதவிதானேம்மா..."

"உதவின்னா வெளியில போய் உக்காருங்க. எம் பொழப்புல மண்ணை அள்ளிப் போடாதீங்க."

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. தேர்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். அவள் விரல் மேட்டைத் தேடிப் பிடித்தது. அப்புறம் வாசிக்கிறவருக்குத்தான் மூச்சு வாங்கியது. ஒரு பிழை இல்லை. வேலை அவளுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வாசலில் காவலாளியிடம் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "நான்தாங்க கையைப் பிடிச்சு வச்சு விட்டேன். இல்லேன்னா பாவம், என்ன பண்ணியிருக்கும் அந்தப் புள்ள?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவள் தேறிவிட்டாள் என்று படித்ததும் உங்கள் வாயில் முதலில் என்ன வந்தது? "பரவாயில்லையே!" என்றுதானே?

கையைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.